பேட்டரி ரயிலா, தள்ளு ரயிலா: சின்னக் குழந்தைக்கு எது வாங்கலாம்?

என் அக்கா மகனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ஒரு பேட்டரி ரயில் செட் வந்தது. தாம்பரத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் வீடு. மின்சார ரயில் சத்தம் கேட்டால் வாயில் இருக்கும் சோற்றை விழுங்காமலே ஜன்னலுக்கு ஓடுகிற பிள்ளை. அதனால் ரயிலைத் தவிர வேறு எதையும் யாரும் யோசிக்கவில்லை. பெட்டியைப் பிரித்து, தண்டவாளத்தை வட்டமாக மாட்டி, எஞ்சினை வைத்து ஸ்விட்சைப் போட்டோம். விளக்கு எரிந்தது, கூவென்று ஊதியது, ஓடியது.

மூன்று சுற்று வரை அசையாமல் பார்த்தான். நாலாவது சுற்றில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பிடித்துத் தூக்கினான். சக்கரம் கைக்குள் சுழன்றது. தரையில் வைத்து, தானே தள்ளிப் பார்த்தான். உள்ளே பல்சக்கரம் கடகடவென்று அரைத்தது, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினான். அப்புறம் எஞ்சினை வீசிவிட்டு, பின்னால் மாட்டியிருந்த இரண்டு பெட்டிகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ஜன்னல் திண்டுக்குப் போனான். அங்கே அவற்றை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் விளையாடினான். ஊதுவதையும் அவனே வாயால் ஊதிக்கொண்டான்.

அன்றிலிருந்து, "பையன் ரயில் ரயில் என்று உயிரை வாங்குகிறான், பேட்டரியில் ஓடுவது வாங்கலாமா?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: ரயில் ஓடும்போது குழந்தை என்ன செய்யும்? பதில் குழந்தையின் வயதுக்கு வயது மாறும். எந்த ரயில் வாங்கலாம் என்பதும் அதோடு சேர்ந்து மாறும்.

## எதை வைத்து எடை போடுவது

கடையில் நிற்கும்போது நம் கண் போவது விளக்கு, சத்தம், புகை, பெட்டியில் போட்டிருக்கும் படம் ஆகியவற்றின் மேல்தான். அவற்றை ஒதுக்கிவிட்டு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது பாதுகாப்பு. இதில் சமரசமே கிடையாது என்பதால் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். இரண்டாவது, குழந்தையின் கைக்கு என்ன வேலை இருக்கிறது என்பது. மூன்றாவது, பெரியவர் உதவியில்லாமல் குழந்தையே எடுத்து, மாட்டி, ஓட்டி, எடுத்து வைக்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் அப்பா வந்துதான் தண்டவாளம் மாட்ட வேண்டும் என்றால் அந்த பொம்மை பத்து நாளில் பரணுக்குப் போய்விடும். நாலாவது, வாங்கிய பிறகு ஆகும் செலவு. ஐந்தாவது, எத்தனை வருஷம் கூட வரும், அடுத்த குழந்தைக்குக் கொடுக்க முடியுமா என்பது.

## முதலில் பாதுகாப்பு

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பொம்மைகளின் பொதுவான பாதுகாப்புக்கு ஐஎஸ் 9873, மின்சாரத்திலும் பேட்டரியிலும் ஓடும் பொம்மைகளுக்கு ஐஎஸ் 15644 என்ற தர விதிகள் இருக்கின்றன. முத்திரைக்குக் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமம் என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்து பேட்டரி மூடி. அதைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். நகத்தால் நெம்பினால் திறக்கிற மூடி என்றால், எவ்வளவு அழகான ரயிலாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள். பென்சில் பேட்டரியைவிட எனக்குப் பயம் பட்டன் செல் என்கிற சின்ன வட்ட பேட்டரி மேல்தான். எஞ்சினில் இரண்டு பென்சில் பேட்டரி பத்திரமாக ஸ்க்ரூவுக்குள் இருக்கும். ஆனால் கூடவே வரும் ரிமோட்டில், அல்லது தனியாக ஊதும் ஸ்டேஷன் பொம்மையில், பட்டன் செல் இருக்கும். அதன் மூடி பல நேரம் லேசாகத்தான் இருக்கும். வாங்குகிறவர் எஞ்சினைத்தான் திருப்பிப் பார்ப்பார், ரிமோட்டைப் பார்க்க மாட்டார். 20 மி.மீ. அகல லித்தியம் பட்டன் செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். ஆரம்பத்தில் எச்சில் ஒழுகுவது, இருமல், சாப்பிட மறுப்பது என்று சாதாரண உடம்பு சரியில்லாதது போலத்தான் தெரியும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டில் ரிமோட் ரயில் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறு காரணமே தேவையில்லை.

கழன்று வரும் சின்னப் பொருள்களும் உண்டு. தர நிர்ணயச் சோதனைக்கு 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மூச்சடைக்கும் பொருள். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. என்பதால், அதைவிடக் கொஞ்சம் பெரியது என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். தண்டவாளத்தை இணைக்கும் கொக்கி, சிக்னல் கம்பத்தின் தலை, எஞ்சின் சக்கரம் வழுக்காமல் இருக்க மாட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் வளையம் ஆகிய மூன்றும்தான் பேட்டரி செட்டில் முதலில் கழன்று வரும்.

கடைசியாக முடி. பக்கத்து வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை ரயில் வருவதைக் கண் மட்டத்தில் பார்க்க, தலையைத் தரையில் சாய்த்துப் படுத்திருந்தாள். விரித்த முடியின் நுனி எஞ்சின் அச்சில் மாட்டி, கண் மூடித் திறப்பதற்குள் மண்டை வரை சுருட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் அலறலில் பதறி எல்லோரும் இழுத்தார்கள், இன்னும் இறுகியது. ஸ்விட்சை அணைத்து, முடியைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாக் குழந்தைகளும் ரயிலை அப்படிப் படுத்துக்கொண்டுதான் பார்க்கும், அதுதான் அதன் ரசனையே. ஆகவே முடியைப் பின்னிக் கட்டிவிட்ட பிறகுதான் பேட்டரி ரயில். முடி மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், முதலில் ஸ்விட்ச்.

## தண்டவாளத்தோடு வரும் பேட்டரி செட்

பொம்மைக் கடை, பொருட்காட்சி, பேருந்து நிலையக் கடை என்று எங்கும் தொங்குவது இதுதான். ஒரு எஞ்சின், இரண்டு மூன்று பெட்டி, பிளாஸ்டிக் தண்டவாளம், ஒரு சிக்னல். ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். ஜப்பானில் 1959-இல் பிளாஸ்டிக் தண்டவாளத்தோடு தொடங்கிய பிளாரெயில் போல நல்ல தரத்தில் வரும் வகைகளும் உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதில் விளையாடுகிறார்கள். ஆகவே பேட்டரி என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு இதில் என்ன சிக்கல்? அந்த வயதில் குழந்தைக்கு ஒரு பொருளைத் தெரிந்துகொள்வது என்றால் அதைப் பிடித்து, தள்ளி, தூக்கி, தலைகீழாக்கிப் பார்ப்பதுதான். நம் ஊர் நடைவண்டியை நினைத்துப் பாருங்கள். குழந்தை தள்ளினால் போகும், நிறுத்தினால் நிற்கும். பேட்டரி எஞ்சின் அப்படி இல்லை. தொட்டால் தடம் புரளும், தள்ளினால் உடையும். "தொடாதே, தொடாமல் பார்" என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிவரும். ஒரு விளையாட்டுப் பொருளோடு அந்த வார்த்தை ஒட்டவே ஒட்டாது.

பல மலிவு எஞ்சின்களில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள பல்சக்கர அமைப்பு, மோட்டார் பக்கமிருந்துதான் சுழலும். சக்கரத்தைத் தள்ளினால் பல் தேயும். ஓடும் எஞ்சினைப் பிடித்து நிறுத்தி வைத்தால் மோட்டார் திணறி, பேட்டரியை உறிஞ்சி, சூடாகும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஸ்விட்சை அணைத்த நிலையில் எஞ்சினை மேஜை மேல் தள்ளிப் பாருங்கள். சக்கரம் தடையின்றி உருண்டால், தள்ளும்போது மோட்டாரை விட்டு விலகிக்கொள்ளும் அமைப்பு உள்ளே இருக்கிறது, சின்னக் கைக்குத் தாங்கும். சக்கரம் உருளாமல் இழுபட்டால் அந்த எஞ்சின் இரண்டு வயதுக் குழந்தையிடம் ஒரு வாரம் தாங்காது.

இனி செலவு. வீட்டில் கணக்கு வைத்துப் பார்த்தேன். தினம் ஒரு மணி நேரம் ஓடினால், இரண்டு அல்கலைன் பென்சில் பேட்டரி ஐந்து, ஆறு நாள் வந்தது. கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போடுகிற சாதாரண மலிவு பேட்டரியில் இரண்டாம் நாளே வண்டி நொண்டியது. அவை குறைந்த மின்சாரத்தை நிதானமாகக் கொடுப்பதற்கு ஏற்றவை, மோட்டாருக்குச் சரிப்படாது. மாதம் ஐந்து ஜோடி, ஜோடி அறுபது எழுபது ரூபாய் என்றால் முந்நூறுக்கு மேல். இரண்டு மாதத்தில் செட்டின் விலையை பேட்டரியே தின்றுவிடுகிறது.

ரீசார்ஜ் பேட்டரி போட்டால் இந்தச் செலவு குறையும். சார்ஜரோடு நாலு பேட்டரி சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட் என்பதால் வண்டி கொஞ்சம் மெதுவாகப் போகும். என் அனுபவத்தில் அது நல்லதாகத்தான் முடிந்தது. வளைவில் தடம் புரள்வது குறைந்தது, குழந்தையும் ரயில் வருவதற்குள் பாலத்தைச் சரிசெய்ய முடிந்தது. சார்ஜ் போடுவது பெரியவர் வேலை, பேட்டரியைப் பொம்மையிலிருந்து வெளியே எடுத்துத்தான் போட வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள், பலவீனமான பேட்டரி ஒழுகும். ஒரு மாதம் விளையாடாமல் கிடக்கும் என்றால் கழற்றி வையுங்கள். அல்கலைன் பேட்டரி ஒழுகினால் வரும் திரவம் தோலையும் கண்ணையும் அரிக்கக்கூடியது.

தூசு இன்னொரு தொல்லை. தரையில் ஓடும் எஞ்சின் வீட்டில் இருக்கும் அத்தனை முடியையும் நூலையும் அச்சில் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒரு முறை புருவம் திருத்தும் சாமணத்தால் உருவி எடுத்தால் நின்றுபோன எஞ்சின் பல நேரம் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். தண்டவாளக் கொக்கி உடைந்தால் மட்டும் வழியில்லை. மலிவு செட்டுகளுக்குத் தண்டவாளத்தைத் தனியாக விற்பதில்லை, இன்னொரு நிறுவனத்தின் தண்டவாளமும் சேராது. வட்டத்தில் ஒரு துண்டு போனால் மொத்த செட்டும் போன மாதிரிதான்.

இதெல்லாம் சொன்னாலும், நாலு வயதுக்கு மேல் கதை மாறுகிறது. அப்போது குழந்தையின் கவனம் ரயிலிலிருந்து தண்டவாளத்துக்கு நகர்ந்திருக்கும். எட்டு வடிவத்தில் போடுவது, கட்டிலுக்கு அடியில் சுரங்கம் செய்வது, ஸ்டேஷனில் மண் பொம்மைகளை நிறுத்தி வைப்பது என்று வேலை பெருகும். வண்டி தானாக ஓடினால்தான் "நான் போட்ட பாதை சரியா?" என்பதற்கு விடை கிடைக்கும். அந்த இடத்தில் பேட்டரி உண்மையிலேயே உதவுகிறது. நாலரை வயதில், சகோதரரோ தோழனோ கூட விளையாட இருக்கும் வீட்டில், நல்ல பேட்டரி செட்டுக்கு ஈடு இல்லை.

## கையால் தள்ளும் மர ரயில்

மரத்தில் பள்ளம் வெட்டிய தண்டவாளம், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பெட்டிகள். ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த அமைப்பைத்தான் இன்று பலரும் பின்பற்றுகிறார்கள். ஐகியாவின் லில்லாபோ உட்படப் பல நிறுவனங்களின் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று சேரும். ஒரு முனையில் குமிழ், மறு முனையில் குழி. மூன்று வயதுக் குழந்தை தானே மாட்டிவிடும்.

இதில் குழந்தையின் கைக்கு எவ்வளவு வேலை என்பதை ஒரு சின்ன விஷயத்தில் பார்த்தேன். பெட்டியின் ஒரு பக்கம் வட துருவம், மறுபக்கம் தென் துருவம். திருப்பி வைத்தால் ஒட்டாது, தள்ளிக்கொண்டு ஓடும். அக்கா மகனுக்கு அது முதலில் கோபத்தை வரவழைத்தது. துரத்திக்கொண்டே போனான், பெட்டி விலகிக்கொண்டே போனது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு பெட்டியைத் தூக்கி, ஒரு கணம் பார்த்து, திருப்பி வைத்தான். 'டக்' என்று ஒட்டியது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். அந்த முகத்தைப் பேட்டரி ரயில் ஓடியபோது நான் பார்க்கவில்லை.

விலைதான் இடிக்கும். சுமாரான மர செட்டே ஆயிரத்து ஐந்நூறிலிருந்து தொடங்கும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அதைப் போல சில மடங்கு. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வரும்போது தண்டவாளத் துண்டுகள் வாங்கிவரச் சொல்வது நல்ல வழி. பழசாக வாங்கினாலும் தப்பில்லை, மரம் கெடுவதில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. காந்தம் பெட்டியோடு ஆடாமல் பதிந்திருக்க வேண்டும். ஆடினால் அந்தப் பெட்டியை அன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். இரண்டாவது, மர எஞ்சின் கனமானது. எறிகிற பழக்கமுள்ள குழந்தையிடம் கொடுத்தால் நெற்றி வீங்கும், டிவியும் போகும். பெரும்பாலான மர செட்டுகளின் பெட்டியிலும் மூன்று வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும். சின்ன பாகங்கள் இருப்பதால்தான் அப்படி. இரண்டு வயதில் வாங்கினால் சிக்னல், மனித பொம்மைகள் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு, பெரிய பெட்டிகளை மட்டும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது கொடுக்கலாம்.

## மரத் தண்டவாளத்தில் பேட்டரி எஞ்சின்

என்னைக் கேட்டால் மூன்றரை வயதிலிருந்து மிகச் சரியான பொருத்தம் இதுதான். மர ரயில் ஏற்கெனவே வீட்டில் இருக்கும், அதே தண்டவாளத்தில் ஓடக்கூடிய ஒரு பேட்டரி எஞ்சினை மட்டும் சேர்த்து வாங்குகிறீர்கள். பேட்டரி தீர்ந்தாலும் விளையாட்டு நிற்காது, கை எஞ்சின் இருக்கிறது. பேட்டரி எஞ்சின் கெட்டாலும் தண்டவாளமும் பெட்டிகளும் வீணாகாது. முதல் வகை செட்டில் இந்த இரண்டு வசதியும் இல்லை.

வாங்கும்போது முன்பு சொன்ன தள்ளிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். நல்ல எஞ்சின் மெதுவாகத்தான் ஓடும், இரண்டு மூன்று பெட்டிக்கு மேல் இழுக்காது, செங்குத்தான பாலத்தில் ஏறத் திணறும். அதை குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "ஏன் ஏற மாட்டேங்குது?" என்று கேட்கும் குழந்தை, ஒரு பெட்டியைக் கழற்றிப் பார்க்கும், பாலத்தைத் தாழ்த்திப் பார்க்கும். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, அதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. எங்கள் பையன் அடுத்த நாளே பாலத்தின் மேல் ரப்பர் பேண்டுகளை வரிசையாக மாட்டி வைத்திருந்தான்.

## பெரிய கட்டைகளோடு வரும் ரயில்

லெகோ டூப்ளோ ரயில் இந்த வகை. இரண்டு வயதிலிருந்தே கொடுக்கலாம் என்று நிறுவனமே சொல்லும் சில மோட்டார் ரயில்களில் இது ஒன்று. கையால் தள்ளினால் ஓடத் தொடங்கும், பிடித்தால் நிற்கும். தண்டவாளத்தில் நிறக் கட்டைகளை வைத்தால் ரயில் அதற்கேற்ப நடந்துகொள்ளும். சிவப்பில் நிற்கும், பச்சையில் திசை மாறும், மஞ்சளில் ஊதும். எங்கே நிற்க வேண்டும் என்று குழந்தை முடிவு செய்கிறது. பேட்டரி ஓடினாலும் குழந்தை பார்வையாளராக ஆகாத அமைப்பு இது.

விலை ஐந்தாயிரத்தை ஒட்டியோ மேலேயோ போகும். வீட்டில் டூப்ளோ கட்டைகள் முன்பே இருந்தால், அல்லது தாத்தா, சித்தி, மாமா எல்லோரும் சேர்ந்து ஒரே பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் யோசிக்கலாம். ரயிலுக்காக மட்டும் என்றால் நான் மரத்துக்கே போவேன்.

## தண்டவாளமே இல்லாத ரயில்

ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரை இதுவே போதும். பெங்களூரு-மைசூரு வழியில் உள்ள சென்னபட்டணத்தில் கடைசலில் செய்கிற மர ரயில்களை நீங்கள் பார்த்திருக்கலாம். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே நிறம் கலந்த அரக்கை அழுத்தி மெருகேற்றுவார்கள். கூரான விளிம்பு இருக்காது. புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள் என்பதால் உரிய கைவினைஞர்களுக்கு ஐஎஸ்ஐ கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். சென்னபட்டணம் என்ற பெயரில் சாதாரண பெயிண்ட் அடித்த சாமான்களும் விற்கின்றன. இழுக்கும் கயிறு குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு மேல் நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள். கயிறுள்ள ரயிலைக் குழந்தையின் படுக்கையில் விடாதீர்கள்.

பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் ஸ்பிரிங் ரயிலும் இந்த வயதுக்குப் பிடிக்கும். பேட்டரிச் செலவு இல்லை. காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்த ரயிலை நாம் இழுத்துத் திரியவில்லையா? சோப்பு டப்பா நாலைக் கோத்துக் கொடுத்தாலும் இன்றைக்கும் குழந்தை இழுத்துக்கொண்டுதான் போகும்.

சுவர் மின்சாரத்தில் அடாப்டர் போட்டு ஓடும், நிஜ ரயிலை அச்சாகச் சிறிதாக்கிய மாடல் ரயில்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும் அவை எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உரியவை. இந்த வயதுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வகை | பொருந்தும் வயது | குழந்தை செய்வது | வாங்கிய பிறகு தெரியும் செலவு |
|---|---|---|---|
| தண்டவாளத்தோடு பேட்டரி செட் | 4 முதல் | முதலில் பார்ப்பது, பின்பு பாதை அமைப்பது | மாதாமாதம் பேட்டரி. உடைந்த தண்டவாளத்துக்கு மாற்று கிடைக்காது |
| கையால் தள்ளும் மர ரயில் | 3 முதல் (பெரிய பெட்டிகள் மட்டும் 2 முதல், பெரியவர் துணையோடு) | தள்ளுவது, ஒட்டுவது, பாதை அமைப்பது | தண்டவாளம் சேர்க்கச் சேர்க்க விலை |
| மரத் தண்டவாளம் + பேட்டரி எஞ்சின் | 3½ முதல் | எல்லாமே | ரீசார்ஜ் பேட்டரி, சார்ஜர் |
| பெரிய கட்டை ரயில் | 2 முதல் | தள்ளி ஓட்டுவது, நிறுத்துவது, கட்டுவது | தொடக்க விலையே பெரியது. பேட்டரி தனி |
| இழுக்கும் ரயில், ஸ்பிரிங் ரயில் | 1½ முதல் | இழுப்பது, உருட்டுவது | கிட்டத்தட்ட இல்லை |

## உங்கள் வீட்டுக்கு எது

குழந்தைக்கு மூன்று வயது ஆகவில்லை என்றால் பேட்டரி செட் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இழுக்கும் ரயிலோ, பெரிய மரப் பெட்டிகளோ போதும். மூன்றிலிருந்து நாலு வரை மர ரயில், முடிந்தால் பேட்டரி எஞ்சின் ஒன்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு வயதுக்கு மேல், கையில் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால், மூடியில் ஸ்க்ரூ உள்ள, பட்டன் செல் இல்லாத, முத்திரையுள்ள பேட்டரி செட்டைத் தாராளமாக வாங்கலாம்.

அண்ணனுக்கு ஐந்து, தம்பிக்கு ஒன்றரை என்ற வீடுகளில்தான் முடிவு கஷ்டம். அங்கே வயதில் சின்னவனை வைத்துத்தான் வாங்க வேண்டும். அல்லது பேட்டரி ரயில் மேஜை மேல் மட்டும் என்று ஒரு விதி போட்டு, அதைக் கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டும். சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துகிற பிள்ளைக்கு, சத்தத்தை அணைக்கத் தனி ஸ்விட்ச் இல்லாத எஞ்சின் வேண்டாம். மாடி வீட்டில் இருப்பவர்கள் மரத் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு ஜமுக்காளம் விரித்தால் கீழ் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

குழந்தைக்கு ரயில் மேல் ஆசை எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும் என்றால், வாங்குவதற்கு முன் ஒரு நாள் சென்னை பெரம்பூரிலோ திருச்சியிலோ இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். இரண்டிலும் குழந்தைகள் ஏறிச் சுற்றிவரும் சின்ன ரயில் உண்டு. சக்கரத்தின் பக்கத்தில் நிற்கிறதா, ஜன்னலில் தொங்குகிறதா, தண்டவாளத்தைப் பார்க்கிறதா என்று கவனித்தாலே எந்த மாதிரி ரயில் அதற்குப் பிடிக்கும் என்று புரிந்துவிடும்.

பரிசாக ஏற்கெனவே பேட்டரி செட் வந்துவிட்டது, குழந்தைக்கோ இரண்டு வயதுதான் என்றால் கொடுத்தவர் மேல் கோபப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். எஞ்சினிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி, தண்டவாளத்தையும் சிக்னலையும் எஞ்சினையும் ஒரு துணிப்பையில் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்தோம். சக்கரமும் கொக்கியும் உறுதியாக இருக்கின்றனவா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, பெட்டிகள் இரண்டையும் அவனிடம் விட்டோம். அவை பாலும் சாதமும் அப்பி, ஒன்றரை வருஷம் ஜன்னல் திண்டில் ஓடின. நாலாவது பிறந்தநாளன்று அக்கா அந்தத் துணிப்பையை இறக்கினாள். அவன் அழுக்குப் பெட்டிகளை ஓடிப்போய் எடுத்துவந்து, எஞ்சினுக்குப் பின்னால் தானே மாட்டினான். இந்தத் தடவை மூன்று சுற்றோடு முடியவில்லை. நாலாவது சுற்றில் தண்டவாளத்தில் ஒரு துண்டைக் கழற்றி, ரயில் வருவதற்குள் வேறு பக்கம் திருப்பி மாட்ட முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.